பண்ணையாள் முதல் குடியிருப்பு வரை: தஞ்சை நிலச் சட்டங்களில் மனையுரிமை

காவிரிப் படுகை வேளாண் தொழிலாளர் போராட்டங்களைக் கூலிப் போராட்டங்களாகவே பேசுவது வழக்கம். தலைமுறைகளாகக் குடிசையிட்டு வாழ்ந்த மனையின் மீதான உரிமையும் அவற்றின் மையத்தில் இருந்தது என்பதற்குச் சட்டங்களின் பெயர்களே சான்றாகின்றன.

குடமுருட்டியும் திருமலைராசனும் பாயும் பாபநாசம் வட்டாரம் உள்ளிட்ட பழைய தஞ்சை மாவட்டத்தில் நிலவுடைமையாளர் மிராசுதார் எனப்பட்டார். 'மிராசு' மரபுவழி உடைமையைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று வந்தது. அதே ஊரில் வழிவழியாக வாழ்ந்த பண்ணையாளின் இருப்பைக் குறிக்க அத்தகைய உரிமைச் சொல் எதுவும் வழங்கவில்லை. குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. ஆகவே, வேலையை மறுத்தவர் வீட்டையும் இழக்க நேர்ந்தது.

1952 ஆகஸ்டில் இராஜாஜி அரசு பிறப்பித்த அவசரச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டமும் குத்தகைதாரரோடு பண்ணையாளையும் காக்க முற்பட்டன. 'பண்ணையாள்' என்னும் சொல் ஆங்கிலத் தலைப்பிலும் பெயர்க்கப்படாமலே நின்றது. பண்ணையோடு பிணைந்த நிலையே பாதுகாப்பிற்கு அடிப்படையாயிற்று. மிராசுதார் பலர் அந்நிலையையே கைவிட்டு நாட்கூலி முறைக்கு மாறியபோது, சட்டம் காக்க எண்ணிய ஆள் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றார்.

1961ஆம் ஆண்டின் 38ஆம் சட்டத்தில் ஆள் மறைந்து இடம் முன்வருகிறது. 'குடியிருப்பு' என்பதும் ஆங்கில வாசகத்தில் தமிழாகவே இடம்பெற்றது. ஆயினும் இச்சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்ததேயன்றி உடைமையை வழங்கவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, 1971ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம் மனையை அதில் வாழ்வோருக்கே உடைமையாக்கியது.

இச்சட்டம் மூதாதையரின் வாழ்வை அளக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1971 ஜூன் 19 அன்று வேளாண் தொழிலாளர் அவ்விடத்தில் குடியிருந்தாரா என்பதே அதன் வினா. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ பழங்குடியல்லாத மரபுவழி வனவாசிகளிடம் 75 ஆண்டுக்கால வாழ்வுக்குச் சான்று கேட்கிறது. ஆவணம் எதுவும் கைவராத சேரி மக்களுக்கு ஒருநாள் இருப்பை அளவாகக் கொண்டதே எட்டக்கூடிய வழியாயிற்று. மரபுரிமைக் கோரிக்கைகளை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு பொருட்படுத்தியதில்லை.

எனினும் அச்சட்டம் தந்தது குடிசை நின்ற மனையை மட்டுமே. அம்மனையைச் சூழ்ந்த நெல்வயல் அதன் வரம்புக்குள் வரவில்லை.