வழிநூலும் மரபுரிமமும்

தந்தை வைத்துச் சென்ற நிலத்தை மைந்தன் பெறுகிறான். வரப்பையும் வாய்க்காலையும் கிணற்றையும் அவன் புதிதாக ஆக்க வேண்டுவதில்லை. எனினும், தந்தை நெல் விளைத்த வயலில் மைந்தன் மல்லிகை பயிரிடுதலும் உண்டு. முன்னோர் தந்ததைப் போற்றிக் கொள்ளலும், வேண்டுமிடத்து மாற்றிக் கொள்ளலும் உழவுக்கு மட்டுமன்றி நூலுக்கும் பொருந்தும். இக்காலத்துக் கணினிக்கும் அவை பொருந்துதல் அறியத்தக்கது.

தமிழ் இலக்கண ஆசிரியர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். முதல்நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, பின்வந்தோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு கெடாது நிற்பது வழிநூல் என்பது பவணந்தி முனிவர் கருத்து. அவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலே இதற்குத் தக்க சான்றாகும். தொல்காப்பியம் கூறிய முதலெழுத்து முப்பதையும் நன்னூல் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. ஆனால், தொல்காப்பியர் மூன்றெனக் கொண்ட சார்பெழுத்தைப் பவணந்தியார் பத்தென வகுத்தார். கொண்டதும் உண்டு, மாற்றியதும் உண்டு, மரபோ கெடவில்லை.

கணினி செய்ய வேண்டிய பணிகளை முறைப்பட எழுதிவைத்த கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். நார்வே நாட்டு அறிஞர்களாகிய டால், நைகார்டு என்னும் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 என்னும் நிரல்மொழி, வழிநூல் முறையை ஒத்த ஓர் ஏற்பாட்டை 1967-ஆம் ஆண்டில் வகுத்தது. பல பொருள்களுக்குப் பொதுவான பண்புகளையும் செயல்களையும் ஒருமுறை எழுதுவது தாய்வகை. அதனின்று தோன்றி, அவற்றைத் தானாகவே பெறுவது சேய்வகை. இங்ஙனம் பெறுதல் மரபுரிமம் எனப்படும். தாய் கூறிய ஒரு செயலைச் சேய் தனக்கேற்ப வேறாக எழுதிக்கொள்ளுதல் மேலெழுதுதல் எனப்படும்.

மதுரையைச் சூழ்ந்த வயல்களுக்கு நாள்தோறும் எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். பயிர் என்பது தாய்வகை. நிலப்பரப்பு, நட்ட நாள் ஆகியன அதன் பண்புகள்; வயது கூறுதல், நீரளவு கூறுதல் ஆகியன அதன் செயல்கள். நெல், சோளம், மல்லிகை மூன்றும் சேய்வகைகள். வயதைக் கணக்கிடும் முறை மூன்றற்கும் ஒன்றே. ஆதலால் அதனை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. நீரளவோ அவ்வாறன்று. நெல்வயலில் நீர் தேங்கி நிற்கலாம்; மல்லிகையின் அடியில் தேங்கினால் வேர் அழுகும். எனவே, நெல்லும் மல்லிகையும் அச்செயலை மேலெழுதுகின்றன. சோளம் தாயின் பொதுக்கணக்கையே கொள்கிறது.

நீரளவு கேட்கப்படும்போது கணினி முதலில் சேயிடம் தேடும். ஆங்கு இருப்பின் அதன்படி செய்யும். இல்லையேல் தாயிடம் சென்று பெறும். சிறப்புவிதி உள்ள இடத்தில் பொதுவிதி விலகுதல் போன்றது இது.

ஆயினும், மாற்றுதற்கு ஓர் எல்லை உண்டு. நீரளவை லிட்டரில் கூறுவதாகத் தாய்வகை வாக்களித்துள்ளது. மல்லிகைக்குரிய பகுதியை எழுதியவர் குடக்கணக்கில் விடை தந்துவிட்டால் நேர்வது யாது? குடம் ஒன்று 15 லிட்டர் கொள்ளுமாயின், 1,500 லிட்டர் வேண்டிய தோட்டத்திற்கு 100 என்று விடை வரும். கணினி அதனை 100 லிட்டர் என்றே கொள்ளும். எங்கும் பிழை தோன்றாது. பூந்தோட்டம் மட்டும் வாடும். தாய் நிற்கும் இடத்தில் சேயை நிறுத்தினும் பயன்கொள்வோர்க்குக் கேடு நேரலாகாது என்னும் நெறியை, அமெரிக்க அறிஞர் பார்பரா லிஸ்கவ் 1987-இல் எடுத்துரைத்தார். மரபு கெடாமையை வழிநூலுக்கு இலக்கணமாக்கிய பவணந்தியாரின் கருத்தும் இதனோடு ஒத்து நிற்றல் காண்க.

முன்னோர் மொழிந்ததை மாற்றலாகாது என்பதும், மனம்போனவாறெல்லாம் மாற்றலாம் என்பதும் ஒருங்கே பிழையாம். செய்யும் முறையை மாற்றலாம். கொடுத்த வாக்கை மாற்றலாகாது.

பயிற்சி

1. நன்னூல் தொல்காப்பியத்தினின்று ஏற்றது யாது? மாற்றியது யாது?
2. சோளத்தின் நீரளவைக் கணினி எவ்வாறு பெறுகிறது?
3. தென்னை என்னும் சேய்வகை ஒன்றை அமைப்பின், அது தாயிடமிருந்து பெறுவன எவை, மேலெழுத வேண்டுவன எவை என எழுதுக.