உடும்புக் கறியும் ஒரு ஹதீஸும்

கொல்லிமலையும் போதமலையும் சூழ்ந்த நம் ராசிபுரம் பக்கத்தில், "முதுகுவலிக்கு உடும்புக் கறி நல்லது" என்போர் உண்டு. நம்மவரில் சிலர் அதற்கு ஹதீஸையே ஆதாரம் காட்டுகின்றனர். இதைச் சற்று ஆராய்வோம்.

மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டதும், நபி (ஸல்) அவர்கள் தாம் உண்ணாமலும் பிறரைத் தடுக்காமலும் இருந்ததும் 'ளப்பு' என்னும் பிராணி. தமிழில் அதை உடும்பு என்றே எழுதிவிட்டனர். ளப்பு, பெரும்பாலும் தழை தின்று பாலைவனத்தில் வாழும் முள்வால் பிராணி. நம் வயலோரத்து உடும்போ எலி, பூச்சி, முட்டை, செத்த பிராணி ஆகியவற்றைத் தின்பது. இதன் இனத்துக்கு அரபியில் 'வரல்' என்று வேறு பெயரே உண்டு. ஆகவே அந்த ஹதீஸை இதற்கு ஆதாரமாக்க இயலாது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் ரூ. 25,000க்குக் குறையாது. கண்ணி வைப்பதும் வேட்டையே. கறியை விற்பதும் வாங்குவதும் குற்றமே.

"ஹலாலானதாகவே இருந்தாலும் சட்டம் தடுக்கலாமா?" என்று கேட்பர். இஹ்ராமில் இருப்பவர் ஹலாலான மானையும் வேட்டையாடக் கூடாது. மீறினால் பரிகாரம் உண்டு (அல்மாயிதா: 95). வேட்டைக்கு வரம்புண்டு என்பது நமக்குப் புதிதன்று.

எலியைத் தின்று நம் நிலக்கடலையைக் காக்கும் பிராணியை, இல்லாத மருந்துக்காகக் கொல்வது அமானிதம் பேணுவதாகுமா? கறி வீட்டு வாசலுக்கு வந்தால் மறுப்போம். வாங்குவோர் இல்லையேல் கண்ணி வைப்போரும் இல்லை.