முதிய நாயைப் பராமரித்தல்

சரவணையில் ஆட்டுப் பட்டியையும் தோட்டத்தையும் பல்லாண்டு காத்த நாய், முதுமையில் தன்னையறியாது படுக்கையிலேயே சிறுநீர் கழிப்பதுண்டு. இது அதன் குற்றமன்று, அடித்தலாற் பயனில்லை.

முதலிற் காரணத்தை அறிதல் வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய், தசைத் தளர்ச்சி என்பன காரணங்களாகலாம். இவற்றுட் சில மருந்தினால் தணியும். ஆகவே அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுக. நாய் எவ்வளவு நீர் அருந்துகிறது, சிறுநீர் உறக்கத்தில் ஒழுகுகிறதா விழிப்பில் ஒழுகுகிறதா என்பவற்றைக் கவனித்துச் சொல்லுக. மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுத்தலாகாது.

ஈரத்துக்கு அஞ்சிக் குடிநீரைக் குறைத்தல் பெருந்தவறு. உவர்ப்பில்லாத நன்னீர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். விடியலிலும், உணவுக்குப் பின்னும், இரவு படுக்குமுன்னும் வெளியே கொண்டு செல்க. பழைய சாக்கை மடித்து விரித்து, நனைந்தவுடன் மாற்றுக. பின்புறத்தைக் கழுவித் துடையாவிடின் புண்ணும் புழுவும் உண்டாகும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீராலும் பரவக்கூடும். ஆதலாற் படுக்கையைக் கிணற்றுக்கு அப்பால் அமைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

முதிய நாயை விரட்டிவிடுதலும் பட்டினியிடுதலும் கொடுமையாம். விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1907 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உண்ணவும் எழவும் இயலாது, மருந்துக்கும் தணியாத நோவினால் அது வருந்துமாயின், வலியின்றி உயிர் நீக்குவதைப் பற்றி வைத்தியருடன் ஆலோசித்தல் தகும். உண்டும் வாலாட்டியும் இருக்கும்வரை பராமரித்தலே உடையவர் கடனாகும்.