மகரக்கட்டு உடைந்தவன் வாயை மூட வேண்டுமா?

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று எந்தப் பக்கம் போனாலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்களின் வீட்டில் ஒரே பேச்சுதான். “சார், அவனுக்கு மகரக்கட்டு உடைஞ்சிட்டு. இப்பப் பாட விட்டா குரலே நிரந்தரமாப் போயிரும்னு சொல்லுதாக. குழுப்பாட்டுல இருந்து பேரை எடுத்திருங்க.” யார் சொன்னார்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டு அத்தை, பஜனை மடத்துப் பெரியவர், இன்னொரு பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். அத்தை சொல்வதையாவது விட்டுவிடலாம். பாட்டு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களே இதைப் பரப்புவதுதான் பொறுக்கவில்லை. கலைத் திருவிழா நெருங்கும்போது குரல் மாறிய பையன்களைப் பின்வரிசையில் நிறுத்தி, “வாயை மட்டும் அசைடா” என்கிறார்கள். இப்படி ஒரு வருஷம் வாயசைத்தவன் அடுத்த வருஷம் பாட வருவானா?

மகரக்கட்டு உடைந்து குரல் மாறும்போது பாடினால் குரலே போய்விடும் என்பது பொய். அரைகுறை உண்மைகூட இதில் இல்லை.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் பெரும்பாலான பையன்களுக்குக் குரல்வளை வேகமாக வளர்கிறது. அதற்குள் இருக்கும் குரல்நாண்கள் நீள்கின்றன, தடிக்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வில் பேசிக்கொண்டிருந்தவன் கடைசியில் 120 பக்கம் வந்து நிற்கிறான். கணக்குப் பார்த்தால் சுமார் ஒரு ஸ்தாயி இறக்கம். நாயன வித்வான் காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டாம். குட்டையான திமிரி நாயனம் இருந்த இடத்துக்கு நீளமான பாரி நாயனம் வருகிறது. அவருடைய குரு ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்தபோது நாயனம் கெட்டுப்போனது என்று யாரும் அழவில்லை. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, அவ்வளவுதான். பையன் தொண்டையில் நடப்பதும் அதுவே. புது நாயனம் கைக்குப் பழகும்வரை பிசிறடிக்கும். சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது. இரண்டு மூன்று சுரத்தானம்தான் இறங்கும் என்பதால் வீட்டில் கவனிப்பதில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாய்ஸ் நாடகக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். நம் தூத்துக்குடி மண்ணில் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அதைப் போல எத்தனையோ கம்பெனிகள். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்றால் ஐந்து கட்டை, ஆறு கட்டைச் சுருதியில் எடுக்க வேண்டும். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், போடுகிறவனும் சின்னப் பையன்தான். அவனுக்கு மகரக்கட்டு உடைந்தால் அந்தச் சுருதி எட்டாது, வேஷம் போய்விடும், கம்பெனியில் இடமும் போய்விடும். “குரல் போச்சு” என்று அன்று சொன்னதற்கு அர்த்தம் பிழைப்புப் போச்சு என்பதே. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, நூறு வருஷம் கழித்து, மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கிற காலத்தில் பிள்ளைகளை மிரட்டுகிறோம்.

அதே கம்பெனிகளில் வளர்ந்த நடிகர் பி.யு. சின்னப்பாவைப் பாருங்கள். மகரக்கட்டில் குரல் மாறிக் கம்பெனியை விட்டவர். வாயைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. முறையாகச் சங்கீதம் கற்றார், சாதகம் செய்தார். பிறகு ‘கண்ணகி’யிலும் ‘ஜகதலப்பிரதாபன்’ படத்திலும் நாடே கேட்டது அந்த உடைந்த குரலைத்தான்.

“வெளிநாட்டில்கூட ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்களே” என்பார் ஒருவர். சொன்னார்கள், உண்மை. 1854-இல் கண்ணாடியை வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்த பாட்டு ஆசிரியர் மானுவல் கார்சியா, குரல் மாறும் காலத்தில் பாடக்கூடாது என்ற கட்சிக்காரர். லண்டனில் தொண்டை மருத்துவராக இருந்த மோரெல் மெக்கன்சி, பக்குவமாகப் பாடினால் கெடுதல் இல்லை என்று 1880களிலேயே மறுத்து எழுதினார். அதற்குப் பிறகு பள்ளிப் பாடகர் குழுக்களை வைத்து வேலை செய்தவர்கள், மெக்கன்சி பக்கமே வந்து சேர்ந்தார்கள். 1970களில் ஜான் குக்சி என்ற அமெரிக்க ஆசிரியர் குரல் மாறுவதைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் எந்த எல்லைக்குள் பாட வைக்கலாம் என்று வகுத்துக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களைப் போய்ப் பாருங்கள். மேல்குரலில் பாடிக்கொண்டிருந்த பையன் குரல் மாறியதும் டெனருக்கோ பேஸுக்கோ நகர்கிறான். வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை.

கெடுதல் எப்போது வருகிறது? வாத்தியார் சுருதி வைக்கும் இடத்தில் வருகிறது. பெண்பிள்ளைகளுக்குச் சௌகரியமான ஐந்து கட்டையில் சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு, பையனையும் அதே ஸ்தாயியில் இழுக்கச் சொன்னால் அவன் தாடையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்குங்கள். பெண்பிள்ளைகள் மேலே பாடட்டும், குரல் முழுக்க மாறியவர்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு மேலும் எட்டாது, கீழும் எட்டாது. அவனுக்குக் கீழ்ப் பஞ்சமத்தையும் மத்திய சட்ஜத்தையும் கொடுத்து, ஆதார சுருதியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பாட்டு முழுக்க அவன் பாடுவான், ஒரு நரம்பும் புடைக்காது. பயிற்சியையும் கீழிருந்து மேலே ஏற்றாதீர்கள். சுலபமாக வருகிற இடத்தில் வாயை மூடி ‘ம்’ என்று பிடித்து, அங்கிருந்து கீழே இறங்கச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்குத் தடை போடுகிற அதே அப்பா, ஹாக்கி மைதானத்தில் பையன் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துவதை ஒன்றும் சொல்வதில்லை. பாட்டைவிட அந்தக் கத்தலில்தான் குரல்நாண் அடிபடும். எந்தக் காரணத்தாலும் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வளர்ந்த பையனுக்குக் குரல் இறங்காமல் கீச்சென்றே நின்றுவிட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கீச்சுக்குரல் பேச்சுப் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்ற வதந்திகளுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். பச்சை முட்டை, பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் உணவுக்குழாய்க்குள் போகிறவை, குரல்நாணைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறும். தொண்டைக்கு இதமாக இருந்தால் சாப்பிடட்டும், குரல் வளரும் என்று நம்ப வேண்டாம். கரிசல் புழுதியும் பங்குனி வெயிலும் தொண்டையை வறட்டும், அதற்கு மருந்து தண்ணீர். “எங்க குடும்பத்துக்கே கட்டைத் தொண்டை” என்பதும் வெறும் பேச்சு. சுருதி சேர்வது பெரும்பாலும் காதுப் பழக்கம். பத்தாவதில் பாடினால் மார்க் குறையும் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் சொல்லப் பொறுமை இல்லை.

என் கவலை வேறு. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு இசை, ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். இன்றும் நம் கரிசல் பக்கத்தில் பாட்டு ஆசிரியரே இல்லாத உயர்நிலைப் பள்ளிகள் ஏராளம். அங்கே காலை வழிபாட்டில் பாடுவது ஸ்பீக்கர்தான். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, விழாக்களில் இசைத்தட்டு போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடச் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அதைவிட நல்ல பாட்டு எது? மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடி. சட்ஜமும் பஞ்சமமும் அந்த ராகத்திலேயே இருக்கின்றன, நடுக்குரல் பையன் எதைப் பிடித்து நின்றாலும் உறுத்தாது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்துப் பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாட வைத்தார். பாரதி பிறந்த எட்டயபுரத்தைச் சுற்றி இருக்கிற பள்ளிகளில் பாட ஆள் இல்லை என்று பென்டிரைவைச் செருகுவது எனக்குக் கேவலமாகப் படுகிறது. தலைமை ஆசிரியர்கள் நாளைக்கே ஸ்பீக்கரை நிறுத்தட்டும். போனில் சுருதிப்பெட்டி இருக்கிறது. அதை இரண்டு கட்டையில் வைத்து, பின்வரிசையில் வாயசைக்கும் பையன்களை முன்னால் கூப்பிடட்டும்.