உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இளவயதில் முத்துக்குளித்தவர். அவர் பேச்சை 40 நிமிடம் செல்போனில் எடுத்தேன். குரலைச் சட்டை மைக் வைத்துத் தனி ரெக்கார்டரில் பதிந்தேன். லேப்டாப்பில் எடிட் செய்யும்போது படம் விக்கி விக்கி ஓடியதால் இலவச கன்வெர்ட்டர் ஒன்றில் மாற்றினேன். விக்கல் போய்விட்டது. ஆனால் தொடக்கத்தில் ஒத்துப்போகும் உதடும் குரலும் போகப் போக விலகுகின்றன. 2004 திருவிழா மினிடிவி கேசட்டையும் ஸ்டூடியோவில் எம்பி4 ஆக்கி வாங்கினேன். சப்பரம் அசையும்போதெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. மாற்றிய கோப்புகளை மறுபடி மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், புன்னைக்காயல்

பதில்: ஆகாது. மாற்றியதை மறுபடி மாற்றினால் இருக்கிற தரமும் குறையும், கோளாறும் போகாது. போனில் எடுத்த அசல் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கவலையே வேண்டாம். யூஎஸ்பி கேபிள் போட்டு லேப்டாப்பில் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

அடுத்து, கோளாறு எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். பேச்சில் 'ம', 'ப' வரும் இடங்களில் உதடு மூடியே ஆக வேண்டும். உங்கள் பெரியவர் 'முத்து', 'பார்' என்று அடிக்கடி சொல்லியிருப்பார். தொடக்கத்தில் ஒரு 'முத்து', கடைசி நிமிடத்தில் ஒரு 'முத்து' எடுத்து, உதடு மூடும் ஃப்ரேமையும் ஒலி அலையையும் ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் விலகல் ஒரே அளவென்றால் ஒலித்தடத்தை நகர்த்தினாலே போதும். நீங்கள் சொல்வதுபோல் வளர்ந்துகொண்டே போனால், பெரும்பாலும் ஃப்ரேம் ரேட்தான் காரணம்.

செல்போன் '30 ஃப்ரேம்' என்று சொன்னாலும் நொடிக்குச் சரியாக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடானால், எண்ணிக்கை இறங்கி ஏறும். கன்வெர்ட்டரோ எடிட்டிங் மென்பொருளோ அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் படத்தின் நீளம் சுருங்கிவிடும். சராசரி 29.4 ஃப்ரேம்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: பத்து நிமிடத்தில் 12 நொடி போய்விடும். குரல் முழு நீளத்தில் இருக்கும், உதடு முந்தும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் அசல் கோப்பைத் திறந்தால் 'ஃப்ரேம் ரேட் மோட்: வேரியபிள்' என்று காட்டும்.

தீர்வு அசலிலிருந்து புதிதாக மாற்றுவதுதான். ஹேண்ட்பிரேக் இலவசம், அது போதும். 'வீடியோ' பகுதியில் ஃப்ரேம்ரேட் 30 வையுங்கள். பக்கத்திலேயே 'பீக்' என்று தேர்வாகியிருக்கலாம். அதை 'கான்ஸ்டன்ட்' ஆக்குங்கள். 'பீக்' என்றால் உச்சவரம்பு மட்டும்தான், ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். பலர் தவறவிடும் இடம் இதுதான். குவாலிட்டி எண்ணை 16 முதல் 18க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். 'ஃபாஸ்ட் டீகோட்' பெட்டியை டிக் செய்தால் லேப்டாப்புக்குப் பளு குறையும். தானாக ஓரம் வெட்டும் 'க்ராப்பிங்' வசதியையும் நிறுத்திவிடுங்கள். இருட்டான அறையில் எடுத்த படத்தின் கறுத்த ஓரத்தை வெற்றிடம் என்று நினைத்து அது நறுக்கிவிடும்.

புரோரெஸ் போன்ற வடிவத்துக்கு மாற்றினால் எடிட் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் முழு எச்டியில் புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 66 ஜிபி பிடிக்கும். 40 நிமிடப் பேட்டிக்கு அது தேவையில்லை என்பேன். விக்கலுக்கு மட்டும் மருந்து வேண்டுமென்றால் எடிட்டிங் மென்பொருளிலேயே, எடிட்டுக்கு மட்டும் லேசான நகல் உருவாக்கித் தரும் 'ப்ராக்ஸி' வசதி உண்டு. ஃப்ரேம் ரேட் கோளாறை ப்ராக்ஸி தீர்க்காது.

இதன் பிறகும் 40 நிமிட முடிவில் சிறு விலகல் இருந்தால், போன் கடிகாரமும் ரெக்கார்டர் கடிகாரமும் இம்மியளவு வேறுபடுகின்றன என்று பொருள். பேச்சின் நடுவே மூச்சு விடும் இடங்களில் ஒலியை வெட்டி, துண்டு துண்டாக நகர்த்துங்கள். போனில் பதிந்த மங்கலான குரலை அழிக்காதீர்கள். பொருத்திப் பார்க்க அதுதான் அளவுகோல்.

ஏற்கெனவே வெட்டிய டைம்லைனில் புதிய கோப்பை இணைக்க 'ரீலிங்க்' செய்யும்போது மென்பொருள் மறுக்கலாம். கோப்பின் பெயரும் ஒலித்தடங்களின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நீளம் மாறியிருப்பதால் வெட்டுகள் இடம் தப்பும். அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

கேசட் கதை வேறு. நம் நாட்டு மினிடிவியில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகள்: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். நொடிக்கு 25 ஃப்ரேம், 50 பாதிகள். இவற்றைப் பிரிக்காமல் எம்பி4 ஆக்கினால், அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். அந்தக் கோடுகள் படத்திலேயே பதிந்துபோனால் சுத்தமாக நீக்க முடியாது. கேசட் கையில் இருந்தால் ஃபயர்வயர் வழியாக டிவி ஏவிஐ வடிவில் மறுபடி இறக்கித் தரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். பிறகு ஹேண்ட்பிரேக்கில் 'டீஇன்டர்லேஸ்' செய்யுங்கள். கடற்கரை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் கேமராவில் போடவே வேண்டாம், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதில் மூழ்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அந்தப் பேச்சை இன்னொருமுறை எடுக்க வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் எடிட்டைத் தொடுவதற்கு முன், அசலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அந்தப் பிரதிகள் திறக்கின்றனவா, கடைசி நிமிடம் வரை ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே போனில் உள்ளதை அழியுங்கள்.