சின்னப் பெண் பிள்ளைகளுக்கு வரும் அரிப்பு



போன மாதம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு தாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "மிஸ், சின்னவ எந்நேரமும் கீழ சொறியுறா. வெக்கமா இருக்கு. நேத்து ரெண்டு அடியும் போட்டேன்" என்றார். பிள்ளைக்கு வயது 5. விசாரித்தபோது, தினமும் டெட்டோல் கலந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். சுத்தம் என்று நினைத்துச் செய்ததே புண்ணைக் கூட்டிவிட்டது.

பெரிய பிள்ளையாகும் முன் அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது. மலவாசலும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் சவர்க்காரம், ஈரம், இறுக்கமான நைலோன் ஜட்டி, சரியாகக் கழுவாதது எல்லாம் எரிச்சல் தரும். இது பிள்ளையின் குற்றமல்ல. கெட்ட பழக்கமும் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. சுத்தமான பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, தினமும் 10 அல்லது 15 நிமிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். சவர்க்காரம், டெட்டோல், பவுடர், வாசனை எண்ணெய் வேண்டாம். மஞ்சள், வேப்பிலை அரைத்தும் பூச வேண்டாம்.
2. மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். எரிச்சல் இருந்தால் வெளியே கொஞ்சம் வெசலின் பூசலாம்.
3. பருத்தி ஜட்டி போடுங்கள். இரவில் ஜட்டி வேண்டாம். தளர்ந்த கவுன் போதும். மழைக்காலத்தில் அரை ஈரமாகப் போடாமல், நன்றாகக் காய வைத்தே போடுங்கள். துவைத்த சவர்க்காரம் போக அலசுங்கள்.
4. கக்கூசுக்குப் போனால் முன்னாலிருந்து பின்னால் கழுவப் பழக்குங்கள். சிறுநீர் கழிக்கும்போது முழங்காலை விரித்து உட்காரச் சொல்லுங்கள்.

இரவில் மட்டும் அதிகம் சொறிந்தால் பூச்சியாக இருக்கலாம். மலவாசலில் வெள்ளை நூல் போலத் தெரியும். தோட்ட ஆஸ்பத்திரியில் காட்டி, வீட்டில் எல்லோருக்கும் மருந்து கேளுங்கள். நகம் வெட்டுங்கள். பெரியவர்களின் கிறீமைப் பிள்ளைக்குப் பூசாதீர்கள்.

இரத்தம், நாற்றமுள்ள நீர், மஞ்சள் அல்லது பச்சை வடிதல், காய்ச்சல், சிறுநீர் கடுப்பு, கொப்புளம், உள்ளே ஏதோ பட்டிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் உடனே டொக்டரிடம் போங்கள். இவை இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் குறையாவிட்டால் காட்டுங்கள். "நாளைக்குப் பெயர் போயிடும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. அரிப்புக்குப் பெரும்பாலும் மேலே சொன்ன காரணங்கள்தான். ஆனாலும் யாராவது தொட்டதாகப் பிள்ளை சொன்னால் திட்டாமல் நம்புங்கள். மருத்துவமாதுவிடமோ என்னிடமோ சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்கு இலவசமாகப் பேசலாம்.

அந்தத் தாய் டெட்டோலை நிறுத்தினார். சில நாளில் பிள்ளை சொறிவதை விட்டது. "அடிச்சதுதான் மனசுக்குக் கஷ்டம் மிஸ்" என்றார். நாம் முதலில் கேட்போம், பிறகு பார்ப்போம். அடி வேண்டாம்.