ஒரு மில்லிமீட்டர் கூரை

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வழியா சிதம்பரம் போறப்போ, பிளாட்ஃபாரத் தகரக் கூரைகளோட ஓரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்.

இதையே 1:87 அளவில், அதாவது ஹெச்ஓ ஸ்கேலில், மாடலா செய்ய 1 மிமீ பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டினேன். நீளம், அகலம் எல்லாம் சரி. ஆனா பார்க்க பொம்மை வீடு மாதிரி இருந்தது. கணக்கு போட்டா புரியும்: 1 × 87 = 87 மிமீ. செங்கல்லை விடத் தடிமனான கூரை! சரியா சுருக்கினா 0.006 மிமீ வரணும். தலைமுடியை விட மெலிசு. கையிலேயே பிடிக்க முடியாது.

அதனால் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை மட்டும் மெலிசாக்குவோம்.

1. கூரைக்கு 0.25 மிமீ ஷீட் எடுங்க. பழைய நோட்டு மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் 1 மிமீ இடைவெளியில் கோடு அழுத்துங்க. தகர நெளிவு வந்துடும்.

2. ஓரத்தை அடிப்பக்கமா, சரிவா உப்புத்தாளால் தேயுங்க.

3. 1 மிமீ ஷீட்டில் வெட்டிய பட்டைகளைக் கூரைக்கு அடியில் சட்டமா ஒட்டுங்க. ஓரத்திலிருந்து 5 மிமீ உள்ளே தள்ளி.

பசை பொட்டுப் பொட்டாப் போதும். நான் முழுக்கப் பூசினேன். கரைப்பான் உள்ளே மாட்டிக்கிட்டு, கண்காட்சிக்கு முந்தின ராத்திரி கூரை அப்பளம் மாதிரி சுருண்டது. ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்க. ஒரு நாள் காய விடுங்க.

சட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க. வளையாத திறன் தடிமனின் கன மடங்கில் மாறும். 1 மிமீ, 0.25 ஆனா அது 64-ல் ஒரு பங்கு. மீதியைத் தாங்குறது சட்டம்தான், நிஜ ஸ்டேஷனிலும்.